துக்கம் தவறாத எம்.எல்.ஏ.

எங்கள் தொகுதியில் யார் செத்தாலும் காலை ஏழு மணிக்குள் எனக்குத் தெரிந்துவிடும். நான் டாக்டரும் இல்லை, ஜோசியக்காரனும் இல்லை. திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மாலை கட்டி விற்கிறவன். எங்கள் எம்.எல்.ஏ.வுக்குப் பல வருஷம் மாலை கட்டிக் கொடுத்தவன். தினமும் விடிந்ததும் அவருடைய உதவியாளர் போன் செய்வார். இன்றைக்குக் கல்யாணம் நாலு, காதுகுத்து ஒன்று, துக்கம் இரண்டு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். எட்டரைக்குக் கார் வந்து எடுத்துக்கொண்டு போகும்.

பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கே கடை முன்னால் நாலு பைக் வந்து நிற்கும். ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் அவருக்காக அடிக்க வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஐந்து தடவை ஜெயித்தவர், ஒரே ஒரு தடவை தோற்றவர் என்று சொன்னால் போதும். ஜெயித்ததை எல்லோரும் பேசுகிறார்கள். நான் அந்த ஒரு தோல்வியைப் பற்றித்தான் பேச வேண்டும். அதற்கு முன்னால் மனிதரைச் சொல்லிவிடுகிறேன்.

துக்க மாலையில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஜரிகை, பிளாஸ்டிக் குஞ்சம் எதுவும் ஆகாது. சம்பங்கியும் ரோஜாவும் நடுவில் மரிக்கொழுந்தும் வைத்துக் கட்ட வேண்டும். ரைஸ் மில் முதலாளிக்கும் குப்பை வண்டி தள்ளினவருக்கும் ஒரே மாலைதான். ஒருமுறை பெரிய புள்ளி ஒருவர் இறந்தபோது நானாகவே கொஞ்சம் தடிமனாகக் கட்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் அவரே கடைக்கு வந்து இறங்கினார்.

"ஏன் அப்பு, செத்தவுக கனம் பாத்தா மாலை கட்டுவ? எல்லாருக்கும் ஒண்ணு போலக் கட்டு" என்றார்.

குரலை உயர்த்தவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே நான் அவர் ஆளாகிவிட்டேன். கட்சி கிட்சி எல்லாம் கிடையாது, அவர் ஆள், அவ்வளவுதான்.

துக்க வீட்டுக்கு அவர் போகிற விதமே தனி. காரைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லிவிடுவார். செருப்பைக் காரிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலில் நடந்து போவார். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் சில தெருக்களில் கார்க் கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் கீழே வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனவர்கள். இவர் அதே தெருக்களில் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு எழுந்திருப்பார். கிறிஸ்தவர் வீடென்றால் சர்ச்சுக்குள் எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியும். முஸ்லிம் வீடென்றால் மாலை சொல்ல மாட்டார், சந்தூக்குக்குத் தோள் கொடுத்துக் கபர்ஸ்தான் வரை நடப்பார். இறந்தவரின் மகன் என்ன படிக்கிறான், மகளை எந்த ஊரில் கொடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்கும். அழுவார். நடிப்பு என்று சொல்ல எனக்கு ஆசைதான், சொல்ல முடியவில்லை. அந்தக் கண்ணீரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அது நிஜம்தான். அதனால்தான் வயிறு இன்னும் எரிகிறது.

"கல்யாணத்துக்கு வராட்டி மறந்துருவாக அப்பு. துக்கத்துக்கு வராட்டி சாகுற வரைக்கும் மறக்க மாட்டாக" என்று அடிக்கடி சொல்வார்.

சட்டசபை நடக்கும்போதுகூட அவர் பாதி நாள் தொகுதியில்தான் இருப்பார். யாராவது செத்துவிட்டால் அடுத்த ரயிலைப் பிடித்து வந்துவிடுவார். டிவியில் சட்டசபையைக் காட்டினால் நான் கையிலிருந்த வாழைநாரைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பேன். நம் ஆள் எழுந்து ஏதாவது பேச மாட்டாரா என்று இருக்கும். உட்கார்ந்திருப்பார். யாராவது பேசி முடித்ததும் மேசையைத் தட்டுவார். மேசை தட்டுவதில் அவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் மாலை கட்டிக் கொடுத்த வருஷங்கள் முழுவதிலும் எங்கள் தொகுதிக்காக அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அப்போது அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. ஊரில் யாருக்கும் படவில்லை.

இப்போது எங்கள் ஊரைச் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கினால் ஓர் ஓடை வரும். ஓடைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர், அதற்குப் பின்னால் மலை. ஊருக்குப் போக ஒரே வழி ஓடையில் கிடக்கும் தரைப்பாலம்தான். வெயில் காலத்தில் அதன் மேல் ஆட்டுக்குட்டிகள் படுத்துக் கிடக்கும். மலையில் மழை பெய்தால் அரை மணி நேரத்தில் பாலம் இருந்த இடமே தெரியாது. தண்ணீர் வடிகிற வரை இந்தப் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பக்கம்.

அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் நிறைமாசப் பெண்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், மூச்சு இழுப்பு உள்ள கிழடுகள் எல்லோரையும் திண்டுக்கல்லிலோ சின்னாளபட்டியிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பண்டிகைக்குப் போகிற மாதிரி மூட்டை முடிச்சோடு கிளம்புவார்கள். தீபாவளியை நாங்கள் முக்கால்வாசி ஆண்டுகள் அடுத்தவர் வீட்டில்தான் கொண்டாடியிருக்கிறோம். இதை ஒரு வழக்கமாக எடுத்துக்கொண்டு பழகிப்போனோமே, அதைத்தான் இன்றைக்கு நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. எம்.எல்.ஏ. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஓடைக்கரையில் நின்று உயரமான பாலம் தன் பொறுப்பு என்பார். நாங்கள் கை தட்டுவோம்.

என் அக்காவை அதே ஊரில்தான் கொடுத்திருக்கிறது. மச்சானுக்கு முருங்கைத் தோட்டம். ஐம்பதைத் தாண்டியும் கல்லு மாதிரி இருந்தார். அவரை யாரும் ஐப்பசிக்கு முன்னால் ஊரைவிட்டுக் கூட்டிப்போக வேண்டிய லிஸ்டில் சேர்க்கவில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம் மழை பிடித்தது. நான் திண்டுக்கல்லில் கடைக்கு மேலேயே குடியிருக்கிறேன். ஊரில் கரண்டும் போய் டவரும் படுத்துவிட்டது. அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது. விடிந்ததும் வழக்கம்போல உதவியாளர் போன் செய்தார். துக்கம் மூன்று என்றார். அதில் ஒன்று உங்கள் ஊருக்குத்தான் என்றும் சொன்னார். யார் என்று கேட்டேன்.

"முருங்கைத் தோட்டக்காரராம்ணே, மோட்டார் ரூமை ஒட்டி வீடாம். ஹார்ட் அட்டாக்குன்னு கிளைச் செயலாளர் சொன்னாரு."

எங்கள் ஊரில் மோட்டார் ரூமை ஒட்டி இருப்பது ஒரே வீடுதான். என் மச்சான் செத்துப்போனது எனக்கு ஒரு மாலை ஆர்டராக வந்து சேர்ந்தது. போனைப் பிடித்தபடியே நின்றேன். என் மனைவி என்ன என்று கேட்டாள், சொன்னேன். அவள் அழுதுகொண்டே உட்கார்ந்து அந்த மாலையைக் கட்டினாள். நான் பஸ்ஸுக்கு ஓடப் பார்த்தேன். அதற்குள் விஷயம் தெரிந்து எம்.எல்.ஏ. காரோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

வழியெல்லாம் என் கையை விடவில்லை. மச்சான் மகன் காந்திகிராமத்தில் படிப்பதையும், அவன் கடைசி வருஷத்தில் இருப்பதையும் அவரே சொன்னார். நான் மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓடைக்குப் போனால் தண்ணீர் வடிந்து தொடை அளவு ஓடிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் இருபது முப்பது பேர் இந்தக் கரையிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். இவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, என் மடியிலிருந்த மாலையை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கிவிட்டார். பின்னாலேயே நானும் இறங்கினேன். நடுவில் அவருக்கு ஒரு தரம் சறுக்கியது. மாலையை விடவில்லை. அக்கரையில் ஒரு கட்சிக்காரன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஊர்க்காரர்கள் தண்ணியில இறங்கி வர்றார் பாருய்யா என்று உருகிப்போனார்கள். செத்தவனை ஒரு நிமிஷம் மறந்துவிட்டு எல்லோரும் இவரைப் பார்த்தார்கள்.

என்ன நடந்தது என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மச்சானுக்கு நெஞ்சு வலி வந்தது முந்தின நாள் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில். டவர் போவதற்கு முன்னாலேயே ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டார்கள். வண்டி வந்து ரோட்டுப் பக்கக் கரையில் சிவப்பு விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. மச்சானைக் கட்டிலில் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். நெஞ்சு அளவுக்கு இழுத்ததும் திரும்பிவிட்டார்கள். அக்கா கிளைச் செயலாளர் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். மொட்டை மாடியில் நின்றால் அவர் போனுக்கு மட்டும் அரைகுறையாக டவர் கிடைக்கும். எம்.எல்.ஏ.விடம் சொல்லித் தீயணைப்பு வண்டியோ பெரிய மிஷினோ அனுப்பச் சொல்லுங்கள் என்று காலில் விழுந்திருக்கிறாள். அண்ணன் ஒரு கல்யாண ரிசப்ஷனில் இருப்பார், இந்த நேரத்தில் எப்படித் தொந்தரவு செய்வது என்று அவர் தயங்கியிருக்கிறார். தண்ணீர் எப்படியும் வடிந்துவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். விடிவதற்குள் மச்சான் போய்விட்டார். போனதும் அதே கிளைச் செயலாளர் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். ஏனென்றால் துக்கச் செய்தி தாமதமாக வந்தால் எம்.எல்.ஏ.வுக்குக் கோபம் வரும். உயிரோடு இருப்பவனுக்காக எழுப்பினால் கோபித்துக்கொள்வாரோ என்று பயம், செத்தவனுக்காக எழுப்பாவிட்டால் கோபித்துக்கொள்வாரே என்று பயம். இப்படி ஒரு பழக்கத்தைத் தொகுதி முழுக்க விதைத்து வைத்திருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பாலம் கேட்டு ஊரே கையெழுத்துப் போட்ட மனுவோடு நான் அவர் வீட்டுக்குப் போனேன். வாங்கிப் படித்தார். உதவியாளரை வெளியே போகச் சொன்னார். அப்போதுதான் அந்தத் தோல்வியைப் பற்றிச் சொன்னார்.

முதல் தடவை ஜெயித்தபோது அவருக்கு வயது முப்பத்து சொச்சம். வேறொரு கிராமத்தில் எங்களுக்கு இருந்த அதே கஷ்டம். சட்டசபையில் அதற்காக எழுந்து எழுந்து பேசியிருக்கிறார். அதிகாரிகள் அறை வாசலில் நாள் கணக்காகக் காத்துக் கிடந்திருக்கிறார். மந்திரியோடு சண்டை போட்டிருக்கிறார். கடைசியில் பாலம் வந்துவிட்டது, நல்ல உயரமான பாலம். அதற்காக அவர் சென்னையில் அலைந்துகொண்டிருந்தபோது அந்த ஊர்ப் பெரியவரின் தாயார் இறந்துவிட்டார். இவரால் வர முடியவில்லை. அடுத்த தேர்தலில் அந்த ஊரில் ஒரு வீட்டில்கூட இவரை உள்ளே விடவில்லையாம். அந்தப் பேச்சு தொகுதி முழுக்கப் பரவித் தோற்றுப்போனார்.

"நான் கட்டுன பாலத்து மேல நின்னுக்கிட்டே எனக்கு எதிரா ஓட்டுக் கேட்டாக அப்பு. கெழவி சாவுக்கு வராதவனுக்கா ஓட்டுன்னு கேட்டாக. அன்னைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் பாடத்தில் ஒரு தடவை தப்புப் போட்டவன் அடுத்த தடவை சரியாகப் போட்டதைச் சொல்வது போலச் சொன்னார். பேசவும், சண்டை போடவும், வாங்கி வரவும் தெரிந்த ஒரு மனிதர், வேண்டுமென்றே வாயைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் மேசையைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். தெரியாதவர் என்றால் மன்னித்திருப்பேன்.

"அதுக்காக எங்க மச்சான் சாகணுமாண்ணே?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "வந்தேன்ல அப்பு" என்றார்.

மறுநாள் காலை உதவியாளர் போன் செய்தபோது இனிமேல் வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அடுத்த கடைக்காரருக்கு அன்றைக்கே அதிர்ஷ்டம் அடித்தது.

சித்திரையில் தேர்தல் வந்தது. ஊரைக் கூட்டினேன். கோயில் வாசலில் சூடம் ஏற்றி, பாலம் கட்டாதவருக்கு ஓட்டு இல்லை என்று எல்லோரும் சத்தியம் பண்ணினார்கள். நான் மாலைக் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வீடு வீடாகப் போனேன். எதிர்த்துப் பேசியவர் ஒருவரும் இல்லை. இளவட்டங்கள் ஓடைக்கரையில் கறுப்புக் கொடி கட்டினார்கள். அந்தக் கொடிக்குப் பக்கத்திலேயே அவருடைய போஸ்டரும் ஒட்டியிருந்தது. தண்ணீருக்கு நடுவே வேட்டியைத் தூக்கிக் கட்டி, மாலையைத் தலைக்கு மேல் பிடித்தபடி அவர். கீழே, உங்கள் துயரில் முதல் ஆளாய் என்று எழுதியிருந்தது. அவருக்குப் பின்னால் தோள் மட்டும் தெரிகிற, பாதி முகம் வெட்டுப்பட்ட ஆள் நான்தான். என் மச்சானைக் கொன்ற தண்ணீரைக் காட்டியே ஓட்டுக் கேட்டார்கள். அதைக் கிழிக்கப் போன என் கையை எங்கள் ஊர்க்காரரே பிடித்துக்கொண்டார். சாமி படத்தைக் கிழிக்கிற மாதிரி இருக்குது, வேண்டாம் என்றார்.

பிரச்சாரத்துக்கு வந்தவர் ஜீப்பில் நின்றுகொண்டு பேசவில்லை. ஊருக்குள் அந்த வருஷம் இறந்துபோனவர்கள் வீட்டுக்கு மட்டும் நடந்து போனார். பாலத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்திருப்பார்.

ஜெயித்தார். எங்கள் ஊர்ப் பூத்தில் அதற்கு முன்னால் எந்தத் தேர்தலிலும் விழாத அளவுக்கு அவருக்கு ஓட்டு விழுந்திருந்தது. செய்தி தெரிந்ததும் நான் கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. யாரையாவது திட்டியாக வேண்டும் என்று இருந்தது. நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் ஒருத்தனுக்கும் மானம் இல்லை, சூடத்துக்கும் பயமில்லை என்று ஆரம்பித்தேன். பேச்சோடு பேச்சாக, நீயாவது சொன்னபடி செய்தாயா என்று கேட்டேன்.

"அவருக்குத்தான்டா போட்டேன்" என்றாள்.

நான் ஏன் என்று கேட்பதற்குள் அவளே சொன்னாள்: "நம்ம சித்தப்பன், மாமன் அம்புட்டுப் பேரும் அக்கரையிலயே நின்னாங்க. அந்த மனுசன் இந்த வயசுல நனஞ்சுக்கிட்டு வந்து, இந்தா இந்த இடத்துல எம் பக்கத்துல உக்காந்து அழுதாரு. பாலமா வந்து எங்கூட உக்காந்து அழுவும்?"

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. இத்தனை மாசமாக அவளிடம் சொல்லாமல் அடக்கி வைத்ததைக் கத்தியே விட்டேன்.

"பாலம் இருந்திருந்தா நீ அழுவ வேண்டியதே இல்லையேக்கா. மச்சான் இப்ப இங்கன உக்காந்திருப்பாருல்ல?"

உருவிக்கொண்டிருந்த கை நின்றது. அக்கா கீரையை முறத்தில் போட்டாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அது எனக்குத் தெரியாதுன்னு நெனக்கிறியா? விதி வந்துச்சு, போனாரு, பெரிய மனுசன் வந்து மாலை போட்டாருன்னு நெனச்சாத்தான் நான் ராத்திரி கண்ண மூட முடியுது. பொழச்சிருப்பாருன்னு நெனச்சா, அப்புறம் நான் எப்படிடா உசுரோட இருக்கிறது?"

அதற்குப் பிறகு அக்காவிடம் நான் பாலத்தைப் பற்றிப் பேச்செடுத்ததே இல்லை. மற்ற எல்லோரிடமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.